துணியில் இளைத்த எழுத்து

சித்தூரில் ஒரு மிஷன் பள்ளியில் முப்பத்தாறு வருடம் டிராயிங் வாத்தியாராக இருந்தேன். எம்.ஏ. வரை படித்திருந்தாலும் ஊரில் என்னைத் தெரிந்தது என் எழுத்தால்தான். ஆண்டு விழாச் சான்றிதழ்களில் பெயர் எழுதுவதும் சர்ச் சுவரில் வசனம் எழுதுவதும் என் வேலை. தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றையும் பட்டை நிப்பில் எழுதுவேன். என்னை விட நன்றாக எழுதுகிறவன் ஜில்லாவில் கிடையாது என்று நானே நம்பியிருந்தேன். இதை முதலில் சொல்லாவிட்டால் பிறகு நான் செய்தது யாருக்கும் புரியாது.

ஓய்வு பெற்ற பிறகு மகனோடும் மருமகளோடும் இருக்கிறேன். மகனுக்குப் பலமனேரில் பால் பண்ணை வேலை. மருமகள் கங்காதர நெல்லூர்ப் பெண். திருப்பதியில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்து, மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின் வாங்கிப் போட்டாள்.

அந்த மிஷினுக்கு எழுத்தைப் பார்த்துத் தைக்கத் தெரியாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு கோட்டையும் கம்ப்யூட்டரில் வரைந்து சொல்ல வேண்டும். தொழிலில் அதற்கு பஞ்சிங் என்று பெயர். எழுத்து என்றதும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் சலிக்காமல் சொல்லிக் கொடுத்தாள்.

நான் வரைந்த முதல் 'அ'வைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, உங்க 'அ'வுக்கு ரத்தம் பத்தல."

"உன்னுது கல்யாண விருந்து துன்னுட்டு வந்த மாதிரி இருக்குது."

"துணியில ஏறினா இளைச்சிடும் மாமா. அதுக்குத்தான் இங்கயே குண்டா வரையறது."

விஷயம் அவ்வளவுதான். தையல் இறுகும்போது நூல் துணியை உள்ளே இழுக்கும். திரையில் சரியாக இருக்கும் எழுத்து துணியில் மெலிந்துவிடும். இரண்டு கோடுகள் சேரும் இடத்தில் ஒன்றை மற்றொன்றின் மேல் நன்றாக ஏற்றி வரையாவிட்டால் தைத்த பிறகு நடுவில் இடைவெளி விழும். தெலுங்கில் இது இன்னும் கஷ்டம். எழுத்தின் உச்சியில் டிக் போட்ட மாதிரி இருக்கும் தலைக்கட்டை உடம்புக்குள் ஆழமாக இறக்க வேண்டும். திரையில் பார்க்க அது அவலட்சணமாக இருக்கும். என் 'அ'வை ஒரு மெல்லிய துணியில் தைத்தே காட்டினாள். பிய்ந்துதான் வந்தது. துணி மெல்லிசு, அதனால் இழுக்கிறது என்று சொல்லி நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு சர்ச் பிரசங்க மேடைக்கு அவள் ஒரு விரிப்பு செய்து கொடுத்தாள். சுவரில் நான் எழுதியிருந்த அதே வசனத்தைத் தங்க நூலில் தைத்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவில் பாடும் பெரியவர் என் தோளில் கை போட்டு, "வாத்தியாரே, சுவத்து எழுத்த விட துணி எழுத்து எடுப்பா இருக்குது. மருமக உங்களை ஓரங்கட்டிட்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு வந்தது பொறாமை. அதற்கு வேறு பெயர் தேட எனக்கு விருப்பமில்லை.

அடுத்த மாதம் திருப்பதியில் ஒரு பெரிய யூனிஃபார்ம் கடை அம்மாள் அவளுக்குச் சோதனையாகப் பன்னிரண்டு வெள்ளைக் கோட்டுகள் கொடுத்தார். நர்சிங் படிக்கும் பெண்களுக்கானவை. பாக்கெட்டுக்கு மேலே கல்லூரிப் பெயரைத் தெலுங்கில் சின்னதாகத் தைக்க வேண்டும். நன்றாக வந்தால் வருடம் முழுக்க வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. அவள் பஞ்சிங் முடித்து, அதே துணியின் துண்டு ஒன்றில் தைத்துப் பார்த்துத் திருப்தியானாள். மறுநாள் மகனும் அவளும் ஒரு கல்யாணத்துக்குப் பலமனேர் போனார்கள்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கோட்டுத் துணி கெட்டி, அது எப்படி இழுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தலைக்கட்டையும் உடம்பிலிருந்து மேலே தூக்கி, நிப்பில் எழுதுவது போல லேசாகத் தொடும்படி வைத்தேன். பருத்த கோடுகளை இளைக்க வைத்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்து செய்தேன். திரையில் அது அச்சு மாதிரி இருந்தது. தைத்ததும் யார் திருத்தியது என்று அவளே வந்து கேட்பாள் என்று நினைத்தேன். எதையும் திருத்துவதற்கு முன் பிரதி எடுத்து வைப்பது என் பள்ளிக்கூடப் பழக்கம். அவளுடைய பழைய பஞ்சிங்கை என் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன்.

மறுநாள் அவள் முதல் வெள்ளைக் கோட்டை, துணியை இறுக்கிப் பிடிக்கும் பிரேமிலிருந்து கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லா எழுத்திலும் தலைக்கட்டு தனியாக, உடம்பு தனியாக நின்றது. நடுவே வெள்ளைத் துணி தெரிந்தது.

"மாமா, நேத்து மிஷினை யாராவது தொட்டாங்களா?"

"மிஷினையா? இல்லையே."

மிஷினை நான் தொடவில்லை, கம்ப்யூட்டரைத்தான் தொட்டேன் என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் ஊசியை மாற்றினாள். நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினாள். மத்தியானத்துக்குள் நாலு கோட்டுகள் வீணாயின. "நாளைக்கு மெக்கானிக்க கூட்டிக்கினு வரேன். பஞ்சிங்கையும் ஒரு தரம் தெறந்து பாக்கணும்" என்றாள்.

காலையில் அவள் மெக்கானிக்கைத் தேடிப் போனபோது நான் மாடி ஏறினேன். பென்டிரைவிலிருந்த பழைய பஞ்சிங்கை அதே இடத்தில் வைத்தேன். நான் திருத்தியதை அழிக்க மனம் வரவில்லை, அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். எழுத்தைத் திருத்தியது கர்வம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தான். குறை ஒன்றும் இல்லை, எண்ணெய் மட்டும் விட்டான். அவள் பஞ்சிங்கைத் திறந்து பார்த்தாள், சரியாக இருந்தது. மிஷினில் மறுபடி ஏற்றித் தைத்தாள், எழுத்து முழுசாக வந்தது. "ஏதாச்சும் தூசி அடைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். நல்லதாக எட்டு, கெட்டதாக நாலு என்று கோட்டுகளை எடுத்துக்கொண்டு அவள் திருப்பதி போனாள். கடை அம்மாள் திட்டவில்லையாம். "எந்துக்கம்மா?" என்று மட்டும் கேட்டாராம். ஏன் இப்படி ஆனது என்று சொல், மீதி வேலையைத் தருகிறேன் என்றாராம். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

காரணம் தெரியாத தப்பு அவளை அரித்தது. சின்ன வேலைக்குக்கூடப் பத்து முறை தைத்துப் பார்த்தாள். கெடு தவறியது. பிறகு எழுத்து வேலை என்றாலே வேண்டாம் என்றாள், பூ மட்டும் போட்டாள், அதுவும் குறைந்தது. ஒரு வருடத்துக்குள் மிஷினை விற்றாள். அந்தக் கடை அம்மாளே இரக்கப்பட்டு, பிரேமில் துணி மாட்டும் வேலைக்கு அவளைச் சேர்த்துக்கொண்டார். வாரம் முழுக்க திருப்பதியில் ஒரு ஹாஸ்டலில் இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. கல்யாணமாகி நாலு வருடம்கூட ஆகாத அவர்கள் இப்படி ஆளுக்கு ஒரு பக்கம் இருந்தது என்னால்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சொன்னாள். கடையில் பஞ்சிங் செய்கிறவர் பெங்களூர் போகிறார், அந்த இடத்துக்கு அம்மாள் இவளைக் கேட்கிறார்.

"நாளைக்கு பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லிடப் போறேன்" என்றாள்.

"ஏன்?" என்றான் மகன். "அந்தச் சம்பளத்துக்கு நாம திருப்பதியிலயே வீடு பாத்துக்கினு ஒண்ணா இருக்கலாமே."

"எழுத்து என் கைக்கு ஒத்து வராது. ஏன் தப்பாச்சின்னே தெரியாத கை இது."

மறுநாள் காலை, கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன். சந்திரகிரிக் கோட்டை தெரிந்தபோது சொல்லிவிட்டேன். தலைக்கட்டைத் தூக்கியது, பிறகு பழையதைத் திருப்பி வைத்தது, எல்லாவற்றையும்.

அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அந்த மெக்கானிக்?"

"அவன் ஒண்ணும் செய்யல."

"மிஷினை விக்கும்போது டெம்போவுல ஏத்திவிட்டது நீங்கதான மாமா? கயிறுகூட நீங்கதான் கட்டினீங்க."

"ஆமாம்மா."

"பிரேம் மாட்டறதுக்கே பயந்துக்கினு இருந்தேனே, அப்ப சொல்லத் தோணலையா?"

"தோணுச்சி. தைரியம் வரல."

"இன்னைக்கு வந்துடுச்சி." அவள் குரல் உயரவே இல்லை. "உங்களுக்கு இனிமே தூக்கம் வரும்."

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பென்டிரைவை நீட்டினேன். இரண்டு பஞ்சிங்கும் அதில் இருக்கிறது, பார்த்தால் உனக்கே தெரியும் என்றேன்.

"இத வேற பத்திரமா வெச்சிக்கினு இருந்தீங்களா" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். "கண் டாக்டரு?"

"பொய்."

"அதுவும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தாள்.

சாயங்காலம் மகன் சந்தோஷமாக வந்தான். "அவ ஒத்துக்கினாளாம் நைனா. அந்த நாலு கோட்டு ஏன் கெட்டதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிதாம், கடை அம்மாகிட்டயும் சொல்லிட்டாளாம்."

"ஏன் கெட்டதாம்?"

"பஞ்சிங்குல ஏதோ மிஸ்டேக்காம். யாரு பண்ணதுன்னு கேட்டேன், விடுங்கன்னுட்டா."

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். மகனுக்கு இன்னும் தெரியாது. இதை அவன் படிப்பான் என்றுதான் எழுதுகிறேன்.

அவர்கள் அடுத்த மாதம் திருப்பதியில் வீடு பார்த்துப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருகிறாள், சமைக்கிறாள், என் தட்டில் குழம்பு ஊற்றுகிறாள். மாமா என்று கூப்பிடுவது மட்டும் நின்றுவிட்டது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் முன்னால் வந்து நின்று கேட்கிறாள்.

மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் இருக்கிறது. தினமும் காலையில் உட்கார்ந்து அந்தக் கல்லூரிப் பெயரை அவள் சொல்லிக் கொடுத்தபடி வரைகிறேன். குண்டாக, தலைக்கட்டை உள்ளே இறக்கி. சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. தைத்துப் பார்க்க வீட்டில் மிஷின் இல்லை.