கல்யாணத்துக்குப் பிறகு பாதி

எனக்கு மேல்வரிசைப் பல் எடுப்பு. வாயை மூடினாலும் இரண்டு பல் வெளியில் நிற்கும். பத்தொன்பது வயதுக்குள் மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து கேசரி தின்று, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று மூவருமே பிறகு கார்டு போட்டார்கள். அந்த ஜோசியர்கள் என் பல்லைப் பார்த்துத்தான் கட்டம் போட்டிருக்க வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் படித்த பல் டாக்டர் ஒருவர் தென்காசிக்கு வந்து, ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஆஸ்பத்திரி வைத்தார். சித்திரை வெயிலிலும் டை கட்டியிருப்பார். கோணல் பல்லைக் கம்பி போட்டு நேராக்குவதாகப் போர்டு மாட்டியிருந்தார். எங்கள் ஊர் அதுவரை பல்லுக்குக் கண்டிருந்த வைத்தியம் பிடுங்குவது ஒன்றுதான். இவரோ இருநூறு ரூபாய் கேட்டார், அதையும் மொத்தமாக முன்னாலேயே.

"இருநூறு ரூவாய்க்குப் பசுமாடு வாங்கலாம்வே. அதுக்கும் பல்லு இருக்கு" என்று கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள்.

ஆறு மாதம் ஒருவரும் படியேறவில்லை. ஆனால் கீழே ஜவுளிக்கடையில் நல்ல கூட்டம். தவணைக்குச் சேலை கொடுத்தார்கள். மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்த டாக்டர், ஒருநாள் பழைய போர்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி மாட்டினார். விவசாயிகளுக்குக் கார் அறுப்பில் பாதி, பிசான அறுப்பில் பாதி. நெசவாளர்களுக்கு வாராவாரம், ரூபாயாகவோ துண்டாகவோ. குற்றாலத்தில் கடை வைத்திருப்பவர்கள் சாரல் காலத்தில் கட்டினால் போதும். சாரல் பொய்த்தால் அடுத்த வருடம். கடைசி வரியில், கல்யாணமாகாத பெண்களுக்குப் பாதி இப்போது, பாதி கல்யாணத்துக்குப் பிறகு.

அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டுமுறை படிப்பார். அந்தக் கடைசி வரியையும் இரண்டுமுறை படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"கல்யாணத்துக்குப் பொறவுன்னா மாப்பிள்ளைதான கட்டணும்? அவரு பொண்டாட்டி பல்லு" என்றார் அம்மாவிடம்.

மறுநாளே நூறு ரூபாய் கட்டிக் கையெழுத்தும் போட்டார். சாந்து மாதிரி எதையோ என் வாயில் அப்பி, பல்லை அச்செடுத்து, கம்பி மாட்டிவிட்டார் டாக்டர். முதல் வாரம் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

சேதி பரவியது. வருடம் திரும்புவதற்குள் அந்த மாடிப்படியில் தாயும் மகளுமாக வரிசை நின்றது. எல்லாரும் பாதிப் பணம் கட்டியவர்கள். மீதிப் பாதி எங்களுக்கு மாப்பிள்ளை கிடைப்பதில் இருந்தது என்பது டாக்டருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு என் கல்யாணத்தில் அப்பாவைவிட அவருக்குத்தான் அக்கறை. பல் பிடுங்க வருகிறவர்களிடம், இடுக்கியை அவர்கள் வாய்க்குள் வைத்துக்கொண்டு, "உங்க மகனுக்கு என்ன வயசு?" என்று கேட்பார். அந்த நிலையில் யாராலும் மழுப்ப முடியாது. அலமாரியில் எங்கள் பல் அச்சுகளுக்குப் பக்கத்தில் ஜாதகங்கள் சேர்ந்தன.

சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஓர் அறை பிடித்து, வாரத்தில் நான்கு நாள் அங்கே உட்கார்ந்தார். அச்சுகளும் கூடவே போயின. ஆடியில் ஒருநாள் கம்பியை முறுக்கிக்கொள்ள நானும் அம்மாவும் அங்கே போனோம். எங்களுக்கு முன்னால் கடையத்துக்காரி ஒருத்தி. குளிக்க வந்த இடத்தில் பல்வலி. பல்லைப் பிடுங்கியாயிற்று, ஈரத்தலையோடு உட்கார்ந்து பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் போலீசில் இருக்கிறான், பெண் தேடுகிறார்கள் என்பதை டாக்டர் அதற்குள் வாங்கிவிட்டார். அலமாரியிலிருந்து இரண்டு அச்சுகளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"முன்னால இப்படி இருந்தது. இப்ப பாருங்க, எவ்வளவு உள்ள போயிருக்கு."

அவள் பஞ்சைத் துப்பிவிட்டு, சட்டிப்பானை வாங்குகிறவளைப் போல அச்சைப் புரட்டிப் பார்த்தாள். "யாரு பிள்ளை இது?"

"உங்களுக்குப் பின்னால பெஞ்சுல உக்காந்திருக்கு."

அவள் திரும்பினாள். நான் சட்டென்று வாயை மூடினேன். கம்பி உதட்டில் குத்தியது.

"ஏட்டி, இங்கன வா. ஈன்னு காட்டு."

அம்மாவைப் பார்த்தேன். போ என்று கண்ணைக் காட்டினாள். போய் நின்று காட்டினேன். அவள் அச்சை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டாள். திருப்திதான் போலிருந்தது.

"கம்பிய எடுத்தா திரும்ப வெளிய வந்திராதே?"

"வராதும்மா. அதுக்கு நான் பொறுப்பு."

"பிறக்கப்போற பிள்ளையளுக்கு?"

டாக்டர் அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வியாபாரம் அவருக்கு ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. "வரலாம்மா. வந்தாலும் கவலை இல்ல. ஒரே குடும்பத்துல அடுத்த ஆளுக்குத் தவணை இன்னும் குறைச்சல். இந்தப் பொண்ணுக்கே பாதிதான் கட்டியிருக்காங்க. மீதி நூறு கல்யாணத்துக்கு அப்புறம் வந்தாப் போதும்."

"அதை யாரு கட்டுவா?"

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"பாதிப் பல்லு கடன்ல இருக்க பிள்ளையை நாங்க கூட்டிட்டுப் போவணுமாக்கும்" என்று கடையத்துக்காரி எழுந்தாள். வாசலில் நின்று, பிடுங்கின பல்லுக்கும் தவணை உண்டா என்று கேட்டாள். டாக்டர் பழக்கதோஷத்தில் உண்டு என்றார். ஒரு ரூபாயை வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

பஸ்ஸில் அம்மா தென்காசி வரை அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கடையத்துக்காரி கூப்பிட்டதும் போய் நின்று பல்லைக் காட்டினேனே, அதுதான் எரிந்தது. கூப்பிட்டவள்மேல் கோபம், போ என்ற அம்மாமேல் கோபம், எல்லாரையும்விட என்மேல். வீட்டுக்குப் போனதும் ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போடப் போகிறேன் என்றேன். அதற்கும் தவணை உண்டா என்று அப்பா கேட்கவில்லை. உதவித்தொகை உண்டா என்று கேட்டார்.

பயிற்சி முடிந்து செங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கம்பி அதற்கு முன்பே வாயைவிட்டுப் போயிருந்தது. இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நூறு ரூபாயோடு மாடியேறினேன். டாக்டர் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்துத் தயங்கினார்.

"கல்யாணத்துக்கு அப்புறம்னுதானேம்மா எழுதியிருக்கு?"

"அந்த அப்புறம் எப்ப வரும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது டாக்டர். இப்பவே வாங்கிக்கிடுங்க."

வாங்கிக்கொண்டார். ரசீதும் கொடுத்தார். அப்பாதான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், யாரோ முகம் தெரியாத ஒரு மாப்பிள்ளைக்கு நூறு ரூபாயை அநியாயமாக மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று மனத்தாங்கலோடு சொன்னார்.