தெரு முடிவதற்குள் சொல்லுங்கள்

ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குச் சேதி சொல்வது என் பிழைப்பு. ஆட்டோ நிற்காது, கேட்பவர் பின்னால் ஓடி வரமாட்டார், ஒரு வாசலைக் கடப்பதற்குள் விஷயம் காதில் விழுந்துவிட வேண்டும். இது எனக்குத் தெரியும், வண்டி ஓட்டும் சேகர் அண்ணனுக்கும் தெரியும். எழுதிக் கொடுக்கிற மகான்களுக்குத்தான் தெரியாது. நோட்டீஸ் எழுதி ஒட்டுகிறவர்களே, வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் போட்டுவிட்டு ‘யாருமே படிக்கலையா’ என்று புலம்புகிறவர்களே, நாமெல்லாம் ஒரே சாதி. என் வயிற்றெரிச்சலையும் கொஞ்சம் கேளுங்கள்.

பாசமிகு தெரு, பண்புமிகு தெரு

ராயபுரத்தில் ஒரு சங்கம் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தியது. செயலாளர் கொடுத்த தாளில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று வரிசையாகப் பெயர்கள், ஆளுக்கு ரெண்டு அடைமொழி. கண் என்கிற சொல் கடைசி வரியில்தான் வந்தது. முதல் தெரு முழுக்கப் பாசமிகு, அடுத்த தெரு முழுக்கப் பண்புமிகு. நான் ஒருவழியாகக் கண்ணுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் குடோன் சுவர்.

திரும்பி வரும்போது, உடைந்த மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டிருந்த ஒரு அம்மா ஆட்டோவை மறித்தார். “இவ்ளோ பேரு வராங்கன்னு கத்திக்கினே போனியே, இன்னாத்துக்கு வராங்கன்னு சொன்னியா மே?”

மணக்கும் மசாலா

காசிமேட்டில் ஒருவர் புதிதாக மீன் வறுவல் கடை போட்டார். வாசகம் அவரே எழுதியது. மணக்கும் மசாலா, மயக்கும் மாலை, மறக்க முடியாத மீன் என்று எதுகை மோனை துள்ளியது. எனக்கே எச்சில் ஊறியது. கடை எங்கே இருக்கிறது என்பது மட்டும் தாளில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கை நீட்டி வழி காட்டியே சேகர் அண்ணன் ஓய்ந்துபோனார்.

விலாசம் ஒரு வரி சேர்க்கலாமே என்று கடைக்காரரிடம் பணிவாகத்தான் கேட்டேன். கடை திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் கடைய தெரியாதவன் இந்த ஏரியாவுலயே கெடையாதும்மா!”

சீராகப் போன கரண்ட்

எங்களுக்கு மாதாமாதம் கஞ்சி ஊற்றுவது ஒரு அரசு அலுவலகத்தின் அறிவிப்புகள். எழுதித் தருபவர் கண்ணன் சார். ஒருமுறை வள்ளூரில், அனல்மின் நிலையப் புகைபோக்கிக்குக் கீழேயே, ‘நாளை மின் விநியோகம் சீரமைக்கப்படும்’ என்று படிக்கச் சொன்னார். கரண்ட் போகும் என்று சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது. சீராகத்தானே ஆகப்போகிறது என்று நம்பிக் கிரைண்டரில் அரிசி போட்ட ஒரு பெண், மறுநாள் பாதி அரைந்த மாவை எங்கள் முன்னால் நீட்டி, வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

அதை அப்படியே கண்ணன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஃபைலிலிருந்து தலை தூக்கவில்லை. “ஓரெழுத்து மாத்திப் படிச்சாலும் அடுத்த ஆர்டர் உனக்கு கெடையாது.”

பாதுகாப்பாக இருக்கவும்

அடுத்து வந்த மழைக்காலத்தில், ஏரியைத் திறக்கப்போகிறார்கள் என்று அதே அலுவலகம் எங்களைச் சடையங்குப்பத்துக்கு அனுப்பியது. தாளில் இருந்தது இதுதான்: ‘உபரி நீர் படிப்படியாக வெளியேற்றப்பட உள்ளமையால், தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் ஓரெழுத்து மாற்றாமல் ஒரு சுற்று படித்தேன். ஒரு ஆள் வெளியே வரவில்லை. சேகர் அண்ணன் ஒரு கதவைத் தட்டினார். கைப்பிள்ளையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்து, “நீங்க சொன்னா மாரியே பாதுகாப்பா கீறோம்ணே. கதவ சாத்திக்கினு, புள்ளைங்கள கட்டில் மேல ஏத்திட்டோம்” என்றாள்.

தாளை மடித்து சீட்டுக்கு அடியில் போட்டேன். ஆட்களை ஏற்றிப்போகக் கோயில் பக்கம் லாரி நின்றதை வரும் வழியிலேயே பார்த்திருந்தேன். “தண்ணி வருது. வூட்டுக்குள்ளயே வரும். புள்ளைங்கள தூக்கினு இப்பவே இஸ்கூல் மாடிக்கு போங்கோ. கோயிலாண்ட லாரி நிக்குது.” தெரு முடிவதற்குள் கதவுகள் திறந்தன. சாயங்காலம் அந்தக் கட்டில் முழுகிவிட்டது. பிள்ளைகள் மாடியில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண்ணோ என்னை முறைத்துக்கொண்டு, “இத்த மொத ரவுண்டுலயே சொல்றதுக்கு இன்னாக்கா கேடு?” என்றாள்.

மறுநாள் கண்ணன் சார் கூப்பிட்டு அனுப்பினார். யாராவது தவறிப்போனார்களா என்று கேட்பார் என நினைத்துக்கொண்டே போனேன். அவர் தாளில் விரலை வைத்தார். “இதுல ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’னு இருக்கே, அது எங்கேம்மா போச்சு?”

அந்த அலுவலகத்துக்கு இப்போது வேறொருத்தி ஓரெழுத்து மாறாமல் படிக்கிறாள், நான் ஒரு காயலான் கடைக்காரருக்கு ‘பழைய இரும்பு, பிளாஸ்டிக் இருந்தா எடுத்துனு வாங்கோ’ என்று கூவிக்கொண்டிருக்கிறேன், இந்தத் தொழிலில் என் கைக்கு வந்த வாசகங்களிலேயே உருப்படியானது அதுதான்.