அடுத்த பூவுக்கு

இந்த வருஷம் பங்குனி பிறந்ததும் ஒரு மழை கொட்டியது. எட்டாம் நாள் எங்கள் மலையூர் கொட்டச்சேடு முழுக்கக் காப்பிப்பூ வாசனை. ஊருக்கெல்லாம் அது சந்தோஷம், எனக்கு மட்டும் ஏக்கம். சிரிக்காதீர்கள், அந்த வாசனை வந்தால் எனக்கு வியட்நாம் ஞாபகம் வந்துவிடும்.

இருபத்தாறு வயதில் நான் எஸ்டேட் ரைட்டர், அதாவது வேலைக்கு வந்தவர்கள் பேரை நோட்டில் பதிகிறவன். காப்பி காயவைக்கும் புது முறையைப் பழகிவரச் சொல்லி ஆறு மாதம் அங்கே அனுப்பினார்கள். விமானம் ஏறி, பஸ் பிடித்து, வளைந்து வளைந்து மேலே போய் இறங்கினால் அங்கேயும் மலை, பனிமூட்டம், காப்பிச்செடி. அம்மா போனில் கேட்டாள்: "ஏங்கண்ணு, அங்கயும் காப்பித் தோட்டந்தானா? அதுக்கா ஏரோப்ளேன்ல போன?"

அதற்குத்தான் போனேன் போலிருக்கிறது. நான் தங்கிய வீட்டுக்காரி ஹோவாவுக்கு எனக்கு அக்கா ஆகும் வயசு. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலீஷ். காலையில் கண்ணாடி டம்ளரில் டின் பாலை ஊற்றி, மேலே ஒரு குட்டித் தகர வடிகட்டியை வைத்து வெந்நீர் விடுவாள். காப்பி சொட்டுச் சொட்டாக இறங்கும். நம் ஃபில்டரிலும் சொட்டுத்தான், ஆனால் அதை யார் உட்கார்ந்து பார்க்கிறோம்? அங்கே வீடே உட்கார்ந்து பார்க்கும். அவசரக்குடுக்கையான நான் முதல் நாள் ஸ்பூனால் வடிகட்டியைத் தட்டினேன். ஹோவா என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள், கடைசிச் சொட்டு விழும்வரை. யாரும் என்னைக் கூப்பிடாத பத்து நிமிஷம்! அந்த நாட்டின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

கிளம்பும்போது செடியெல்லாம் பூ. ஒரு கொத்தைத் தொட்டுக்காட்டி, அடுத்த பூவுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வருஷமே அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். சேலத்துக்கு மருந்து வாங்கப் போனால்கூடப் பக்கத்து வீட்டு அக்காவை உட்காரவைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஓடிவரவேண்டும். கொல்லைப்பக்கம் போனாலே கட்டிலிலிருந்து குரல் வரும்: "எங்க சாமி போன?" சில நாள் எரிச்சலில் பதில் சொல்லமாட்டேன். அப்புறம் வெட்கமாக இருக்கும். ஹோவா கொடுத்த வடிகட்டியில் காப்பி போடலாம் என்றால், அது இறங்குவதற்குள் நாலு தரம் கூப்பிட்டுவிடுவார். பாஸ்போர்ட் பெட்டிக்குள்ளேயே காலாவதி ஆயிற்று.

வருஷா வருஷம் ஹோவா பூத்த சரிவைப் படம் பிடித்துப் போனில் அனுப்புவாள். நான் நம் பூவை அனுப்புவேன். "நெக்ஸ்ட் இயர்?" என்று கேட்பாள். "நெக்ஸ்ட் இயர்" என்பேன். பதினோரு வருஷமாக இதே பேச்சு.

இந்தத் தடவை வந்த படத்தில் பூ இல்லை. சரிவு முழுக்க வெறும் செம்மண். காப்பியைப் பிடுங்கிவிட்டு டுரியன் கன்று நட்டிருக்கிறார்கள், பலா மாதிரி முள் வைத்த பழம். "காப்பி ஃபினிஷ்" என்று எழுதியிருந்தாள். நெக்ஸ்ட் இயர் என்று அவள் கேட்கவில்லை.

நான்தான் போகமுடியாமல் கிடக்கிறேன், அந்த மலை எங்கே போய்விடப்போகிறது என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். இனி அப்பாவைக் குறை சொல்லவும் வழியில்லை. போனும் கையுமாகப் பூத்த செடியோரம் நின்றேன்.

"எங்க சாமி போன?"

"எங்கயும் போவலீங்கப்பா. இங்கதான் இருக்கறேன்."