உப்பளத்துக்குப் போன கணக்குப் பாடம்

என் பெயர் இராசமாணிக்கம். மரக்காணம் பக்கத்துப் பள்ளியொன்றில் கணித ஆசிரியர். கைப்பேசியில் பாடம் நடத்த நான் கற்றுக்கொண்ட விதத்தை நண்பர்களுக்குச் சொல்வதே இப்பதிவின் நோக்கம்.

ஊரடங்குக் காலத்து ஆனி வெயில்... உப்பளப் பக்கம் திரும்பினாலே கண் கூசும்.

வெறிச்சோடிய வகுப்பறையில் எனக்கு வீடியோ எடுக்கக் கற்றுத் தந்தவர், எங்கள் கணினி ஆசிரியை ரஷீதா.

“இடுப்புக்கு மேலதான் சார் தெரியும். எதுக்கு பெல்ட்டு, ஷூவெல்லாம்?”

“வகுப்புன்னா வகுப்புதான் டீச்சர்.”

காலையில் வீடியோ அனுப்புவேன். நண்பகலுக்குள் விடை வர வேண்டும். அது விதி. பத்தாம் வகுப்பு நித்யாவிடமிருந்து மட்டும் விடையே வரவில்லை. அவள் அம்மா கன்னியம்மாளை அழைத்தேன்.

“போன் ஒண்ணுதான் சார் இருக்குது. மேஸ்திரி கூப்புடுவாருன்னு அளத்துக்கு எடுத்தாந்துடறேன். பொண்ணும் கூடவே வருது. இந்த வெளிச்சத்துல உங்க மூஞ்சியும் தெரியல, கணக்கும் தெரியல. படிப்பை நிறுத்திட்டு உப்பு வாரட்டும்னு அவங்கப்பா சொல்றாரு...”

கணக்கில் கெட்டிக்காரப் பெண். ரஷீதா டீச்சரிடம் போய்ப் புலம்பினேன்.

அவர்தான் வழி சொன்னார். “கண்ணு தெரியலன்னா என்ன சார், காது கேக்குதுல்ல? வாய்ஸ் மெசேஜ் போடுங்க.”

விரலை எடுத்தால் பாதிப் பேச்சு பறந்துவிடும். அழுத்திப் பிடித்தபடியே பேசப் பழகினேன். ஆனால் படமே இல்லாமல் வடிவியலை எப்படிச் சொல்வது? உப்புப் பாத்தியும் செவ்வகம்தானே...

“நித்யா, பாத்தியோட ஒரு மூலையிலேருந்து எதிர் மூலைக்குக் குறுக்கால நடம்மா. வரப்பைச் சுத்திப் போறதுக்கு எவ்ளோ குறையுதுன்னு சொல்லு.”

பதிலுக்கு வந்தது கன்னியம்மாளின் குரல்.

“ஐயோ சார்! உப்பு பூக்கிற பாத்தில கால வைக்கச் சொல்றீங்களே! மேஸ்திரி பார்த்தா என் முதுகு மேல நடப்பாரு!”

பின்னணியில் மற்றப் பெண்களின் சிரிப்பு. அடுத்து நித்யா:

“சார், நான் வரப்பு மேலயே போறேன். அம்மா இந்த முனைல நிக்கட்டும். கயித்தைக் குறுக்கால புடிச்சி அளந்துடறோம்.”

வரப்புகளின் நீளத்தை வைத்து அவள் போட்ட கணக்கும் கயிற்றின் நீளமும் ஒத்துப்போயின.

அதன்பின் என் குரல் தாமதமானால், “இன்னா சார், இன்னிக்கு லீவா?” என்று கன்னியம்மாளே கேட்பார். ஒருநாள் நித்யாவின் அப்பாவும் பேசினார்.

“அளத்துக்கே வந்துட்டீங்க. இனிமே எங்கேருந்து சார் நிறுத்தறது? படிக்கட்டும், விடுங்க.”

நித்யா இப்போது திண்டிவனத்தில் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். எங்கள் வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. தொட்டால் முக்கோணம் சுழல்கிறது, நிறம் மாறுகிறது. அதையும் ரஷீதா டீச்சரிடமே கற்றுக்கொண்டேன். ஆனால் பாடத்தின் நடுவே என்னோடு சண்டைக்கு வர அங்கே எந்தத் தாயும் இல்லை...

கன்னியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே இப்பதிவு முழுவதையும் வாசித்து, என் குரலிலேயே இப்போது அவருக்கு அனுப்பப் போகிறேன்.