ஸ்டெல்லா அக்காவின் ஆப்பிளும் மேட்டூர்ப் பூவும்

போன வாரம் காலையில் நம் ‘சமவெளி ஆப்பிள்’ வாட்ஸப் குழுவில் ஸ்டெல்லா அக்காவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. வழக்கமான பூப்படம் என்று நினைத்துத் திறந்தேன். அவருடைய மகள் எழுதியிருந்தாள்: “அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. மாடிச் செடிக்குத் தண்ணி ஊத்தியாச்சு, அதுக்கு யாரும் கவலைப்படாதீங்க.” எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அக்காவின் மகளேதான்.

சேலம் வெயிலில், மொட்டைமாடி டிரம்மில் ஆப்பிள் பூத்த வீடியோவைப் போட்டவர் அக்கா. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காட்டு வரப்பில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் பார்த்தவன் நான். கேட்டவர்களுக்கெல்லாம் தன் அன்னா ரக மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி வெட்டிக் கொடுத்தார். நம் எல்லோர் வீட்டிலும் மரம் பூத்தது. ஒருவர் வீட்டிலும் காய் நிற்கவில்லை. உரம், வெயில், குருவி என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டுப் பார்த்தோம்.

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை செய்யும் கந்தசாமி அண்ணன் குழுவில் எழுதினார்: “ஏனுங்க, ஆப்பிள் தன் மகரந்தத்தத் தானே ஏத்துக்காதுங்க. நீங்க ஊருக்கெல்லாம் குடுத்தது ஒரே மரந்தானுங்க. பூப்பந்தல் போதுமுன்னா சரிங்க.” அக்கா உடனே அவரைக் குழுவை விட்டுத் தூக்கிவிட்டார்.

அடுத்த பூப்பும் உதிர்ந்தது. தம்மம்பட்டியில் ஒருவர் மரத்தை வெட்டிவிட்டு எலுமிச்சை வைக்கப்போவதாக எழுதினார். அன்று மாலை அக்காவின் குரல்பதிவு வந்தது: “அண்ணன் சொன்னதுதாங்க சரி. எத்தனை மாடியில நின்னாலும் அது ஒரே மரம், ஒண்ணுக்கொண்ணு உதவாது. அவரைத் திரும்பச் சேர்த்துட்டேன். என்னை நம்பி வச்சீங்க. யாரும் வெட்டாதீங்க, இன்னும் ஒரு பூப்பு பொறுங்க.”

அண்ணனிடம் இருந்தது டார்செட் கோல்டன் என்ற வேறு ரகம், அன்னாவோடு ஒத்துப்போவது. ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். நம் ஊர்க் குளிர் போதாது; இலைகளைக் கையால் உருவினால்தான் மரம் பூவுக்கு வரும். அக்கா அண்ணனை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அன்று நான் சேலத்தில் அவர் வீட்டில் இருந்தேன்.

“உருவிட்டீங்களா அண்ணா?”

“இன்னைக்குத்தானுங்க. ஊட்டுல ரெண்டு மொட்டைன்னு எம்பட தலையையும் சேர்த்துச் சிரிக்கறாங்க.”

பூத்ததும் அண்ணன் ஒரு கிளையை ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். அக்கா வாசலுக்கே வந்துவிட்டார்.

“குழுவை விட்டுத் தூக்குனதுக்குத் திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க, பூ வாடறதுக்குள்ள.”

“காப்பி குடுங்க, தெம்பாத் திட்டறேன்.”

“பூவுக்கு அப்புறந்தான் காப்பி.”

மகளின் மேக்கப் பிரஷ்ஷால் அந்த மகரந்தத்தைத் தொட்டு ஒவ்வொரு பூவிலும் வைத்தார்கள். நான் வீடியோ எடுத்தேன்.

காய்கள் நின்றன. முதல் பழத்தை அக்கா மாடியிலேயே வெட்டினார். “புளிக்குதுங்க,” என்றார் அண்ணன். “புளிக்கட்டும். காய்ச்சிருக்குல்ல,” என்ற அக்காவின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தம்மம்பட்டிக்காரர் எலுமிச்சையை வேறு மூலையில் வைத்தார்.

அதற்குப் பிறகு அக்கா யாருக்கும் ஒற்றைக் குச்சி கொடுத்ததில்லை. அன்னாவோடு மேட்டூர் ரகத்தையும் சேர்த்துக் கட்டித்தான் தருவார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழக்கத்தைத்தான். நேற்று ராசிபுரத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். இரண்டையும் வெட்டிக் கட்டி நீட்டினேன்.

“ஒண்ணு போதுமே தம்பி,” என்றார்.

“ஒண்ணு பூக்க மட்டுந்தாங்க செய்யும்,” என்றேன்.