நாக்கு மரக்காத கிராம்பு

எம்.ஃபார்ம் விண்ணப்பத்தோடு வந்த விதித்தாள் அந்த ஜூன் மாதம் முழுக்க என் தலையணைக்கடியில்தான் கிடந்தது. பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம். பி.ஃபார்மில் முதல் வகுப்பு, நன்னடத்தைச் சான்றிதழ், மருந்துச் சரக்குகளை அடையாளம் சொல்லும் நேர்முகத் தேர்வு. தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு ரயில் பாலத்தின் மேல் நடக்கையில் அவற்றை முணுமுணுத்துக்கொண்டே போவேன். குடைக்குள் அது தாலாட்டு மாதிரி கேட்கும். கீழே லோக்கல் ரயில்கள் மழையில் மிதந்து போகும்.

எனக்கு முதல் வகுப்புக்கு மூன்று மதிப்பெண் குறைவு.

கல்லூரி அலுவலகக் குமாஸ்தா மாட்டுங்காத் தமிழர். தமிழ்க் குரல் கேட்டதும் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"மூணே மார்க்கா? இன்டர்வியூல ப்ரொஃபசர் சிபாரிசு எழுதினா சேத்துக்கலாம்னு ஒரு ரூல் இருக்கும்மா. ஆனா நான் வந்து பன்னண்டு வருஷம் ஆறது, அவர் எழுதி நான் பாத்ததில்லே."

அப்பாவுக்குத் தாராவியில் நாட்டுமருந்துக் கடை. எந்தச் சரக்கு வந்து இறங்கினாலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பரீட்சைதான்: மூட்டையைப் பிரி, ஒன்றை எடு, கடி. திப்பிலி உறைக்க வேண்டும். அதிமதுரம் தொண்டைவரை இனிக்க வேண்டும். கிராம்பென்றால் நாக்கு மரத்துப்போக வேண்டும். கிராம்பு வந்த நாட்களில், வேறு யாரோ என் வாய்க்குள் இருந்து பேசுவதுபோலப் பள்ளிக்கூடத்தில் பேசியிருக்கிறேன்.

நேர்முகத் தேர்வன்று மேஜைமேல் வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள். ஜன்னலுக்கு வெளியே மழை. லத்தீன் பெயர்கள் தாமாகவே வந்தன. நானோ எங்கள் கடை மூட்டைகளுக்கு நடுவே எங்கோ இருந்தேன். ஐந்தாவது கிண்ணம் கிராம்பு. பெயரைச் சொன்னேன். சொன்ன வாயில் ஒன்றைப் போட்டுக் கடித்தும்விட்டேன்.

"அரே, தூக்கோ, தூக்கோ!"

துப்பச் சொல்லி இந்தியில் கத்தியபடி பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கைக்குட்டையில் துப்பினேன். பூச்சிமருந்து போட்டு வைத்ததை வாயில் போடுகிறவளுக்கு எம்.ஃபார்மா என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். சரி, சிபாரிசு போயிற்று. இனி என்ன பயம்?

"நாக்கு மரக்கவில்லை, சார். எண்ணெய் வடித்தெடுத்த சக்கை இது. யாரோ உங்களை ஏமாற்றி விற்றிருக்கிறார்கள்."

அவர் ஒரு கிராம்பை எடுத்து நகத்தால் அழுத்தினார். எண்ணெய் கசியவில்லை. இன்னொன்றையும் அழுத்தினார். பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் நுனியை மெல்லக் கடித்தார். கிண்ணத்தை வரிசையிலிருந்து எடுத்துத் தனியே வைத்தார்.

அடுத்த வாரம் குமாஸ்தா என் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். "எழுதிட்டார், பாரு!"

சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி. கீழே இன்னொரு வரி: ஆய்வகத்தில் எதையும் வாயில் வைப்பதில்லை என்று மாணவி எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கேயே நின்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பாலத்தைத் தாண்டியதே நினைவில்லை. கடையில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த அப்பா, எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தார். பிறகு முறம் நின்றது.

"வாயில போடக்கூடாதுன்னா, அங்கன போயி என்னத்தட்டி படிக்கப் போற?"