தோசிக்கு முன்னால் பிறந்தவர்கள்

லோமே நகரத்தில், நாட்டு எல்லையை ஒட்டிய லாரி நிலையத்தில் இப்போது காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. சுவர் நிறைய டெலிபோன் நம்பர்கள். அந்தக் காலத்தில் அங்கே ஒரு வேப்பமரமும், அதன் கீழே எசினம் என்ற கஞ்சிக்காரியின் சோளக் கஞ்சிப் பானையும்தான். புளித்த மாவின் வாசனை சுங்கச்சாவடி வரைக்கும் போகும். வேலைக்கென்று பிள்ளைகளைக் கடத்துகிறவர்களும் அந்த வழியாகத்தான் போவார்கள். அதனால் நிலையத்தில் கடை போட்டிருந்த பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள்: பிள்ளையோடு யார் வந்தாலும் குடும்பத்தை விசாரித்துவிட்டுத்தான் விடுவது.

ஒரு நாள் காலை பூப்போட்ட துணி உடுத்திய ஒருத்தி, ஆறேழு வயசுப் பெண்ணைக் கையில் பிடித்து வந்தாள். லாகோஸ் போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"பொண்ணு பேரென்னம்மா?" என்றாள் எசினம்.

"தோசி."

"உனக்கு எத்தனாவது?"

"இவ ஒருத்திதான்."

எசினத்தின் அகப்பை அந்தரத்தில் நின்றது. அந்தப் பக்கத்து எவே ஜனங்களில் இரட்டைப் பிள்ளைகளுக்கு அடுத்துப் பிறக்கிற பெண்ணுக்குத்தான் அந்தப் பேர்.

"அப்ப ரெட்டைப் புள்ளைங்க எங்கே? பெத்தது மறந்துபோச்சா?"

"பேரு... அவங்கப்பா வச்சது."

"ஓகோ, அவருதான் ரெண்டையும் பெத்தாராக்கும்!"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே நெருங்கினார்கள். டிரைவர் செலோம் இன்ஜினை அணைத்தான்.

"எசினக்கா சொல்லாம வண்டி நகராது."

வந்தவள் சிறுமியின் கையை உதறிவிட்டுக் கூட்டத்தில் மறைந்தாள்.

தோசி பேசவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. ஊர் பேர் கேட்டால் தரையைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்குள் தாய் வராவிட்டால் தூரத்து நகரத்தில் இருக்கிற பிள்ளைகள் விடுதிக்கு அனுப்புவோம் என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டார். அங்கே போனால் பிறகு யார் தேடிக் கண்டுபிடிப்பது?

எசினம் டிரைவர்களிடம் சொல்லிவிட்டாள். எல்லைக்கு இரண்டு பக்கமும், வண்டி நின்ற இடமெல்லாம் அவர்கள் இறங்கி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ரெட்டைப் புள்ளை பெத்தவ வீட்ல கடைக்குட்டி காணாமப் போயிருக்கா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் செலோமின் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். அவள் பின்னால் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட அட்சு, எட்சே என்ற இரண்டு பையன்கள். தாய் ஓடி வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

இரட்டையருக்கு எதையும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். எசினம் ஒரே அளவுக் கிண்ணம் இரண்டை எடுத்து, பார்த்துப் பார்த்துக் கஞ்சி ஊற்றினாள்.

தாயின் தோளுக்கு மேலே ஒரு தலை நிமிர்ந்தது.

"எப்பப் பாரு, அவனுங்களுக்குத்தான் முதல்ல!"

நான்கு நாளில் தோசி பேசிய முதல் பேச்சு அதுதான். எசினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து மீன்காரியிடம் அதே அளவில் மூன்றாவது கிண்ணம் இரவல் வாங்க ஓடினாள்.